தொண்டர் புள்ளிப் பட்டியல்: ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் என் கருத்து

பதிவு கொஞ்சம் நீளம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, பசியாறிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் முழுக்க நம் கோயிலில் தொண்டர்களுக்குப் புள்ளி போட்டுப் பார்த்தோம். முன்வாசலில் கியூஆர் ஒட்டியிருந்தோம், வருகிறவர்கள் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் பெயர்களை வரிசைப்படுத்தி, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டினோம். இதைத் தைப்பூசம் வரைக்கும் தொடரலாமா, முதல் பத்துப் பேருக்கு மேடையில் பொன்னாடை போடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறார்கள்.

இது நிர்வாகத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டு சிலர் தலைவரைத் திட்டுகிறீர்கள். பாவம், அவரை விட்டுவிடுங்கள். யோசனை சொன்னது நான்தான். "எங்க லைன்ல போர்டு இருக்கு தலைவரே, அது இருந்தாத்தான் ஆள் ஓடும்" என்று பெருமையாகச் சொன்னதும் நான்தான். இப்போது வேண்டாம் என்று சொல்லப் போவதும் நானே. ஏன் மாறினேன் என்பதைக் கூட்டத்தில் மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டியலில் முதல் இடம் 41 புள்ளி. பையன் யார் என்று எல்லாருக்கும் தெரியும், பெயர் வேண்டாம், நல்ல பையன். கடைசியிலிருந்து மூன்றாவது, பின்பக்கம் பாத்திரம் கழுவும் நம் அக்கா. நாலு புள்ளி. அக்கா காலை ஐந்து மணிக்குப் பின்கேட் வழியாக வருபவர். கியூஆர் இருப்பது முன்வாசலில். அவரிடம் இருப்பது பட்டன் போன். பேத்தி கூட வந்த நாலு நாள், பேத்தி போனில் ஸ்கேன் செய்திருக்கிறாள். அந்த நாலு புள்ளி அப்படி வந்தது.

பட்டியல் ஒட்டிய பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை. பிளாட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "கால் வலி தம்பி" என்றார். தே கொடுத்தார், குடித்தேன். கிளம்பும்போது கதவில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "என் பேத்திதான் படிச்சுச் சொன்னா. பாட்டி, உனக்கு நாலு மார்க்காம்."

நான் என்ன பதில் சொல்வது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றுதான் மனதில் ஓடியது. இந்தத் தப்பை நான் முன்னாடியே ஒரு இடத்தில் செய்திருக்கிறேன், என்னை ஒருத்தர் மரியாதையாகத் திருத்தியும் இருக்கிறார். அதையே மறந்துவிட்டுக் கோயிலுக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

அந்த இடம் விக்கிப்பீடியா. சிரிக்காதீர்கள். கோயில் புள்ளிக்கும் விக்கிப்பீடியாவுக்கும் என்னடா சம்பந்தம் என்றால், காசு வாங்காமல் லட்சக்கணக்கான பேர் சேர்ந்து வேலை செய்கிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கிறது? கோயில் ஒன்று. இணையத்தில் இது ஒன்று. யார் எவ்வளவு செய்தார் என்று கணக்கு வைப்பதில் அவர்கள் இருபது வருடத்துக்கு மேலாகப் பட்ட பாடு இருக்கிறது. நாம் ஒரு மாதம்தான் பட்டிருக்கிறோம்.

2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. கோயில் மூடி, வேலையும் கொஞ்ச நாள் நின்று போனது. வீட்டில் சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். மகன் கணினி நிரல் எழுதுகிற வேலையில் இருக்கிறான். அவன்தான் தமிழ் விக்கிப்பீடியாவைக் காட்டி, "அப்பா, இதுல யாரு வேணும்னாலும் எழுதலாம், திருத்தலாம்" என்றான். 2003-லிருந்து தமிழில் இருக்கிறதாம், எனக்கு அதுவரை தெரியாது. ஒரு கோயில் கட்டுரையில் திருவிழா மாதம் தப்பாக இருந்தது. திருத்தினேன். சேமி என்று தட்டியவுடன் உலகம் முழுக்க அது மாறிவிட்டது. எஸ்.பி.எம். படித்த எனக்கு அது பெரிய விஷயம்.

அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே வரலாறு என்று ஒரு பட்டன் இருக்கும். தட்டினால் அந்தக் கட்டுரை பிறந்த நாளிலிருந்து இன்று வரை எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார், எவ்வளவு சேர்த்தார், எவ்வளவு எடுத்தார், எதற்காக என்று வரிசையாக வரும். சேர்த்தால் பச்சை எண், எடுத்தால் சிவப்பு எண். பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு எழுதலாம். எந்த இரண்டு நாளையும் ஒப்பிட்டு, என்ன மாறியது என்று சொல்லுக்குச் சொல் பார்க்கலாம். யாராவது விஷமம் செய்திருந்தால் பழையபடி மாற்றிவிடலாம். அந்த ஆளின் பெயரைத் தட்டினால் அவர் வேறு எங்கெல்லாம் கை வைத்திருக்கிறார் என்பதும் வரும். கோயில் கணக்குப் புத்தகம் கூட இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை. (செயலாளர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

அத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம் பெயருக்குக் கீழே இதுவரை எத்தனை தொகுப்பு செய்தோம் என்று ஒரு எண்ணும் இருக்கிறது. ஒரு தடவை சேமித்தால் ஒரு தொகுப்பு. யார் அதிகம் செய்தார் என்று பட்டியலும் உண்டு. அங்கேதான் எனக்கு வியாதி பிடித்தது.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு கட்டுரையில் ஐந்து இடத்தில் கால்புள்ளி தப்பு என்றால், ஐந்தையும் ஒரே தடவையில் திருத்திச் சேமிக்க மாட்டேன். ஒன்றைத் திருத்திச் சேமிப்பேன், அடுத்ததைத் திருத்திச் சேமிப்பேன். ஐந்து தொகுப்பு. மூன்று மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டினேன். மனைவி கேட்டார், "விடிய விடிய உக்காந்து என்னதான் எழுதுறீங்க?" எழுதியது ஒன்றுமில்லை. இடைவெளி விட்டேன், இடைவெளியை எடுத்தேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்த வியாதியைக் கிண்டல் செய்தே ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு மகன் காட்டினான். எனக்கு மட்டும் வந்ததில்லை என்று ஒரு ஆறுதல்.

ஒரு நாள் என் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: ஐயா, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, சேமிப்பதற்கு முன் முன்தோற்றம் பார்த்து எல்லாத் திருத்தத்தையும் ஒன்றாகச் சேமிக்கலாமே, வரலாற்றுப் பக்கம் தேவையில்லாமல் நீண்டு போகிறது, மற்றவர்கள் சரிபார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று. அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்ததால்தான் வெட்கமாக இருந்தது. என் எண்ணிக்கை ஏற ஏற, காவல் காக்கிறவர்களுக்கு வேலை கூடிக்கொண்டே போயிருக்கிறது. நான் தொண்டு செய்ததாக நினைத்துக்கொண்டு தொல்லை செய்திருக்கிறேன்.

அதே வாரம் இன்னொருவர் பக்கத்தைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று போட்டிருந்தார். மொத்தமே நாற்பது தொகுப்பு இருக்காது. ஆனால் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி பற்றி ஒரு கட்டுரை, எந்த ஆண்டு மலரில் எந்தப் பக்கம் என்று ஆதாரத்தோடு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானே எழுதியிருந்தார். வீட்டில் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு ஒரே தடவையில் ஏற்றியிருக்கிறார். வரலாற்றில் ஒரே ஒரு வரி. கணக்கில் ஒன்று. என் கால்புள்ளியும் ஒன்று.

இது எனக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை. விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் அந்தக் காலத்தில் ஒரு கணக்குச் சொல்லி வந்தார். மொத்தத் தொகுப்புகளில் பாதிக்கு மேல் செய்தது பயனர்களில் 0.7 விழுக்காடு, அதாவது 524 பேர். 2 விழுக்காட்டினர், 1,400 பேர், செய்தது 73.4 விழுக்காடு. அப்படியானால் விக்கிப்பீடியாவை எழுதுவது சில நூறு பேர்தான், மற்ற கூட்டம் சும்மா வந்து போகிறது என்று அர்த்தம் வருகிறது இல்லையா?

ஆரன் சுவார்ட்ஸ் என்று ஒரு அமெரிக்கப் பையன். 2006-இல் அவனுக்கு 19 வயது. அவனுக்கு இது சரியாகப் படவில்லை. எத்தனை தடவை சேமித்தார்கள் என்று எண்ணாமல், இன்றைக்குக் கட்டுரையில் நிற்கிற எழுத்துகளில் யார் எழுதியது எத்தனை என்று எண்ணிப் பார்த்தான். அலன் ஆல்டா என்ற நடிகரைப் பற்றிய கட்டுரையை எடுத்து அப்படி எண்ணினால் கதை தலைகீழ். விஷயத்தைக் கொண்டு வந்து போட்டவர்களில் பெரும்பாலானோர் எப்போதோ ஒரு தடவை வந்தவர்கள், பலருக்குக் கணக்கே கிடையாது. பட்டியலில் மேலே இருந்த பழைய ஆட்கள் செய்தது வரியைச் சீராக்குவது, தலைப்பை ஒழுங்கு பண்ணுவது, இணைப்பு கொடுப்பது. வேறு கட்டுரைகளிலும் அதே மாதிரி வந்ததாக எழுதினான்.

உடனே "பார்த்தியா, எப்பவாவது வர்றவங்கதான் உண்மையான தொண்டர்" என்று நானும் குதித்தேன். மகன் நிறுத்தினான். அடுத்த வருடம், 2007-இல், மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு மாதிரி அளந்தார்களாம். ஒருவர் எழுதிய சொல் எத்தனை நாள் அழியாமல் நின்றது, அதை எத்தனை பேர் வந்து படித்தார்கள் என்று கணக்கு. அப்படிப் பார்த்தால் 0.1 விழுக்காட்டுப் பேர் எழுதியதுதான் வாசகர்கள் படிக்கிறதில் கிட்டத்தட்ட பாதி. மறுபடியும் கதை மாறிவிட்டது. ஒரே வேலை, ஒரே ஆட்கள், மூன்று தராசு, மூன்று விதமான பதில்.

எனக்கு இதைக் கேட்டதும் அப்பா ஞாபகம்தான் வந்தது. எங்கள் அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்கள். நான் சின்னப் பையனாக வாளி தூக்கிக்கொண்டு பின்னால் போயிருக்கிறேன். பால் நிறுக்கும் இடத்தில் கிராணி எடையை மட்டும் பார்த்துப் புத்தகத்தில் எழுத மாட்டார். எடை கூட வேண்டும் என்றால் தண்ணீர் ஊற்றினால் போதுமே! அதனால் பாலுக்குள் ஒரு குழாயை மிதக்க விடுவார். அது எவ்வளவு முங்குகிறது என்று பார்த்து, இந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார். மழை நாளில் நல்ல பாலும் தண்ணியாகத்தான் இருக்கும், அன்றைக்கு அப்பாவுக்குக் குழாய் மேலேயே கோபம் வரும். ஆனாலும் தோட்டத்துக்காரனுக்கே எடை வேறு, ரப்பர் வேறு என்று தெரிந்திருந்தது. நான் கோயில் வாசலில் ஒட்டியது எடை மட்டும் பார்க்கிற தராசு. அதிலும் முன்வாசல் வழியாக வருகிற பாலை மட்டும்.

எடை மட்டும் பார்த்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியா கதை போதும். ஸ்காட்லாந்து மக்கள் பேசுகிற மொழி அது, ஆங்கிலத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். அமெரிக்காவில் ஒரு சிறுவன், 12 வயதில், 2013 வாக்கில் அதில் எழுத ஆரம்பித்தான். அவனுக்கு அந்த மொழி தெரியாது. அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கில வாக்கியத்தில் சொல்லை மட்டும் மாற்றினான். 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள்! நிர்வாகி பொறுப்பு வரைக்கும் வந்துவிட்டான். 2020 ஆகஸ்டில்தான் ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்து, இது எங்கள் மொழியே இல்லை என்று போட்டு உடைத்தார். ஏழு வருடம். அந்தப் பையன் கெட்டவன் இல்லை, நல்லது செய்கிறோம் என்றே நம்பியிருக்கிறான், உலகமே திட்டியபோது உடைந்து போனான். எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது, யாரும் வாசித்துப் பார்க்கவில்லை. நம் தமிழுக்கு இப்படி வந்தால் நாம் எப்படித் துடிப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

பரிசு வைத்தால் இன்னும் மோசம். மகன் வேலை செய்கிற துறையில், இலவச மென்பொருள்களை உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். அக்டோபர் மாதம் நாலு திருத்தம் அனுப்பினால் டீ-சட்டை இலவசம் என்று அப்போது ஒரு திருவிழா நடந்து வந்தது, பெயர் ஹாக்டோபர்ஃபெஸ்ட். 2020-இல் என்ன ஆனது? சட்டைக்காக ஆயிரக்கணக்கான உப்புச் சப்பில்லாத திருத்தங்கள் வந்து குவிந்தன. தலைப்பில் அருமையான என்று ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்புவது, இப்படி. அந்த மென்பொருள்களைச் சம்பளமில்லாமல் பராமரிக்கிறவர்கள் குப்பை அள்ளியே களைத்துப் போனார்கள். மாதம் ஆரம்பித்த சில நாளிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். தைப்பூசத்துக்கு நாம் கொடுக்கும் தொண்டர் சட்டை எப்படிக் காணாமல் போகிறது, தண்ணீர்ப் பந்தலில் சட்டை போட்டவர் எத்தனை பேர், நிற்கிறவர் எத்தனை பேர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் 41 புள்ளிப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் வீடு கோயிலுக்குப் பக்கம். காலை, மதியம், சாயந்திரம் வந்து ஸ்கேன் செய்தான். கூழ் ஊற்றிய அன்று பின்பக்கம் அண்டா தூக்க ஆள் இல்லை, "தம்பி, ஒரு கை பிடிடா" என்றேன். "அங்க கியூஆர் இல்லையே அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான், வந்து தூக்கவும் செய்தான். ஆனால் போன வருடம் இந்தப் பேச்சு அவன் வாயில் வந்திருக்காது. அவன் மேல் தப்பில்லை. பலகையில் என்ன கேட்டோமோ அதைச் செய்தான்.

எங்கள் லைனிலும் இதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை பீஸ் என்று மட்டும் கணக்கு எடுத்த காலத்தில் ரிஜெக்ட் கூடியது, பழைய ஆள் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பது நின்றது. சொல்லிக் கொடுக்கிற நேரத்துக்கு யார் பீஸ் கொடுப்பார்? ஆனால் அங்கே மாதம் முடிந்தால் சம்பளம் இருக்கிறது, கோபம் வந்தாலும் மறுநாள் வருவார்கள். கோயிலில் எதைக் காட்டிக் கூப்பிடுவது?

சரி, கணக்கே வேண்டாமா என்று செயலாளர் கேட்பார். நேற்றே கேட்டுவிட்டார். "எல்லாரும் தொண்டு பண்றேன்னு சொல்றாங்க, அஞ்சு பேர்தான் சாகுறோம், எனக்கு அது கண்ணுக்குத் தெரிய வேணாமா?" நியாயமான கேள்வி. படம் எடுக்கும்போது முன்வரிசையில் நிற்கிறவர்கள் பாத்திரம் கழுவும்போது எங்கே போகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் நான் புள்ளி யோசனையே சொன்னேன். கணக்கு வேண்டும். எதற்காக என்பதில்தான் நான் மாறிவிட்டேன்.

விக்கிப்பீடியாவின் பின்னால் இருக்கிறவர்கள் ஒரு எண்ணை விடாமல் பார்த்து வருகிறார்கள். ஒரு மாதத்தில் ஐந்து தொகுப்பாவது செய்தவர் எத்தனை பேர், நூறு செய்தவர் எத்தனை பேர். இது யார் முதலிடம் என்பதற்காக இல்லை, வீடு நிறைகிறதா காலியாகிறதா என்று பார்க்க. அப்படிப் பார்த்ததால்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-இல் 51,000-க்கும் அதிகமாக இருந்த அந்தச் சுறுசுறுப்பான கூட்டம், 2013-இல் 31,000 அளவுக்கு வந்துவிட்டது. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் சொன்ன முக்கியமான காரணம், புதிதாக வருகிறவர் நல்ல மனதோடு செய்த திருத்தத்தைக் கூட, விஷமிகளைப் பிடிக்க வைத்த கருவிகளும் கண்டிப்பான விதிகளும் தட்டிவிட்டன. விளக்கம் சொல்ல ஆள் இல்லை. முதல் நாளே அடி வாங்கியவர் மறுபடி வரவில்லை.

இதைப் படித்தபோது நம் மடப்பள்ளி ஞாபகம் வந்தது. புதிதாகத் திருமணமாகி வந்த பெண் ஒருத்தி தேங்காய் துருவ வந்தாள், "இங்க அப்படி இல்ல, இப்படி" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அடுத்த வாரம் அவளைக் காணோம். அவள் எந்தப் பட்டியலிலும் இல்லை, அதனால் அவள் போனதும் நமக்குத் தெரியவில்லை. போன வருடம் புதிதாக வந்தவர் எத்தனை பேர், அதில் இன்னும் வருகிறவர் எத்தனை பேர்? செயலாளரே, இந்த எண்ணை நீங்கள் எடுத்தால் நான் கூட உட்கார்ந்து எண்ணுகிறேன். அஞ்சு பேர் சாவது அதில் நன்றாகவே தெரியும்.

இன்னொன்று அந்த வரலாற்றுப் பக்கம். அதில் பெயர் இருக்கிறது, ஆனால் யார் பெயரும் யார் பெயருக்கு மேலேயும் இல்லை. எழுதியவருக்கு உரிய பெயர் அங்கேதான் காப்பாற்றப்படுகிறது. பிழை வந்தால் எங்கே வந்தது என்று தேடுவதும் அங்கேதான். நமக்கு அது இல்லாமல் எத்தனை சண்டை! போன மாதம் கேஸ் அடுப்பு இரவு முழுக்க சன்னமாக எரிந்துகொண்டிருந்தது. கடைசியாகப் பூட்டியவர் யார் என்று இன்று வரை தெரியாது. தெரிந்திருந்தால் தண்டிக்க வேண்டியதில்லை, அந்தக் குமிழ் லூசாக இருக்கிறது என்று அவருக்காவது தெரிந்திருக்கும். தங்க முலாம் போட்ட குத்துவிளக்கு உபயம் யார் என்று இரண்டு குடும்பம் பேசாமல் இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் முதல் பந்தல் போட்டவர்களின் பெயர் பாதி பேருக்குத் தெரியாது, தெரிந்த பாதிப் பேரும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பாராட்டவும் வழி இல்லாமல் இல்லை. விக்கிப்பீடியாவில் ஒரு திருத்தத்துக்குப் பக்கத்திலேயே நன்றி என்று தட்டலாம். பதக்கம் என்று ஒன்றும் கொடுப்பார்கள், வெறும் படம்தான், காசு பெறாது. கொடுக்கிறவர் தன் கையால் இன்ன காரியத்துக்காக என்று எழுதித்தான் கொடுப்பார். ஆயிரம் தொகுப்புக்கு எனக்குக் கிடைத்தது சும்மா ஒரு எண். பிற்பாடு ஒரு கோயில் கட்டுரையில் கும்பாபிஷேக ஆண்டைப் பழைய மலரில் தேடிப் பிடித்துப் போட்டேன், முன்பின் தெரியாத ஒருவர் நன்றி தட்டியிருந்தார். அதை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆக ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கப் போவது இது. பலகையில் இருக்கிற பட்டியலைக் கழற்ற வேண்டும். பொன்னாடை வரிசை வேண்டாம். கியூஆர் இருக்கட்டும், மாதம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் புதுசு, யார் நின்றுவிட்டார்கள் என்று பார்க்க மட்டும், நிர்வாகத்தின் கையில். நின்றுவிட்டவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர வேண்டும். அப்புறம் மடப்பள்ளிக்குப் பக்கத்தில், பின்கேட் அருகில், ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, என்ன வேலை, யார், ஒரு வரிக் குறிப்பு. "அரிசி 20 கிலோ வடித்தது. அடுப்புக் குமிழ் லூஸ்." அந்த மாதிரி. எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர் எழுத வேண்டும். 41 புள்ளிப் பையனிடம் கேட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமைகளில் அவன் எழுதுகிறேன் என்றான், கையெழுத்தும் நன்றாக இருக்கிறது.

நோட்டுப் புத்தகம் வாங்கியாகிவிட்டது, 6 வெள்ளி 50 காசு, அது என் உபயம். இதில் பெயரைப் போடாமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

கூட்டம் ஞாயிறு காலை பூசைக்குப் பிறகு, பத்தரை மணிக்கு. பட்டியல் வேண்டும் என்கிறவர்களும் கண்டிப்பாக வாருங்கள், என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், நானே போன மாதம் உங்கள் பக்கம்தானே இருந்தேன்.

அக்கா இந்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். கால் வலி பொய்யில்லை, முட்டி வீங்கியிருக்கிறது. குனிந்து கழுவ முடியாது. யார் வீட்டிலாவது உயரமான பழைய ஸ்டூல் சும்மா கிடந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்கிறேன்.